ரீகண்டிஷனா, புதுசா? டர்போ போனவர்களுக்கு ஒரு கையேடு

டீசல் கார் வைத்திருப்பவர் வாழ்க்கையில் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். மேட்டில் வண்டி இழுக்காது. பின்னால் வருகிறவர் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பார். கண்ணாடியில் பார்த்தால் அவரைக் காணோம், புகைதான் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஆயில் படிந்த விரலை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "டர்போ போயிருச்சு சார்" என்பார். அதையே சரி செய்து மாட்டுவதா, புதிதாக வாங்கிப் போடுவதா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வண்டி ஏற்கெனவே அவருடைய ஜாக்கி மேல் நிற்கிறது.

இந்த முடிவை நம் ஊர் வழக்கப்படி முறையாக எடுப்பது எப்படி என்று சொல்லித் தருவதே இந்தக் கையேட்டின் நோக்கம். பதறாமல் கடைசிவரை பின்பற்றினால், ஒரே வண்டிக்கு ஒரே வருஷத்தில் மூன்று டர்போ மாற்றும் பேறு உங்களுக்கும் கிட்டும். அந்தப் பேறு வேண்டாம் என்பவர்களுக்காக நடுநடுவே உண்மையையும் சொல்லியிருக்கிறேன். வேண்டாதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிக்கொள்ளலாம்.

முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள்

டர்போ சொல்லாமல் கொள்ளாமல் போவது அபூர்வம். பெரும்பாலும் பல வாரங்கள் முன்பே விசிலடிக்கத் தொடங்கிவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மெல்லிசாக ஒரு சைரன் எழும். காலை எடுத்தால் இறங்கும். ஆம்புலன்ஸ் வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டி வழிவிட்ட புண்ணியவான்களும் உண்டு. இதற்குக் கைகண்ட மருந்து இளையராஜா. வால்யூமை நாலு புள்ளி ஏற்றினால் சத்தம் அறவே கேட்காது.

அடுத்தபடியாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வரும். மார்கழியாக இருந்தால் பனி என்று சொல்லிக்கொள்ளுங்கள். சித்திரையாக இருந்தால் டீசலில் கலப்படம் என்று சொல்லி பங்க்கை மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளுங்கள், எங்கே போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். தரையில் சொட்டாமல் ஆயில் குறைகிறதென்றால் அது எரிந்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டால் செலவு வரும்.

இந்த இடத்தில் அந்தச் சாமான் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். என்ஜினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலைக் கூட்டி எரிக்கலாம், டீசல் கூடினால் இழுவை கூடும். ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிஸ் என்ஜினியர் 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. 1248 சிசி என்ஜின் ஒன்று ஐந்து பேரையும் டிக்கி நிறையப் பையையும் சுமந்துகொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது அவர் புண்ணியத்தில்தான்.

வீட்டு மிக்ஸி முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 20,000 சுற்று சுற்றும். சிறிய காரின் டர்போ அதைப்போலப் பத்து மடங்கு, 2 லட்சம் சுற்றுவரை போகும். ஒரு முனையில் 700, 800 டிகிரி சூடு, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது, பெரும்பாலான கார்களில், பால் பேரிங்கூட இல்லை. சின்னஞ்சிறு புஷ், அதற்கு உள்ளும் புறமும் மயிரிழையைவிட மெல்லிய ஆயில் படலம், அவ்வளவுதான். தண்டு இரும்பைத் தொடாமல் ஆயிலில் மிதந்தபடி சுற்றுகிறது. அந்த ஆயில் சில விநாடிகள் வராமல் நின்றால் போதும், மிச்சத்தை மெக்கானிக் சொல்வார்.

விசிலையும் புகையையும் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் உச்சகட்டக் காட்சி ஒன்று இலவசமாகக் கிடைக்கும். டர்போவின் சீல் முழுதாகப் போய், என்ஜின் ஆயில் இன்டர்கூலர் வழியே சிலிண்டருக்குள் இறங்கும். டீசல் என்ஜினுக்கு டீசலும் ஒன்றுதான், ஆயிலும் ஒன்றுதான்; எது வந்தாலும் எரிக்கும். சாவியைத் திருப்புவீர்கள், அணையாது. சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், என்ஜின் உறுமிக்கொண்டே மேலே போகும். தெருவே புகைக்குள் மறையும். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸ்களைக் கவிழ்த்து வைப்பார். யாரோ ஒருவர் தண்ணீர் பக்கெட்டோடு ஓடி வருவார், அவரைத் தடுக்க இன்னொருவர் ஓடி வருவார்.

இந்தப் பத்தியில் கிண்டல் கிடையாது. அப்படி நடந்தால், கியர் வண்டியாக இருந்தால், பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை முடக்கப் பாருங்கள். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளிப் போங்கள். காற்று போகும் வாயை அடைத்தாலும் நிற்கும், ஆனால் அதைக் கையால் செய்யக் கூடாது, துணியாலும் கூடாது, உள்ளே இழுத்துவிடும். தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பலகையால் அடைப்பார். என்ஜினுக்குள் இருக்கும் ஆயில் தீரும்வரை அது ஓடும், தீர்ந்தபின் என்ஜின் மிஞ்சாது.

ஆலோசனைக் குழு அமையுங்கள்

வண்டி இந்த அளவுக்குப் போகாமல் ஒர்க்‌ஷாப் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே முடிவெடுக்காதீர்கள். மச்சானுக்கு ஃபோன் போடுங்கள். மச்சானிடம் டீசல் கார் கிடையாது. அதனால்தான் அவரால் பற்றற்ற நிலையில் நின்று சொல்ல முடிகிறது. "புதுசு போட்டுருங்க மாமா, ரிப்பேர் சாமான் எப்பவுமே ரிப்பேர் சாமான்தான்." பணம் உங்களுடையது என்பதால் அவர் தரத்தில் சமரசம் செய்துகொள்ள மாட்டார்.

அடுத்து, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருக்கும் பெரியப்பா மகன். அவர் கட்சி வேறு. "எதுக்குடா புதுசு? எங்க வண்டியெல்லாம் கோர் மாத்தி மாத்தித்தான் லட்சக்கணக்குல ஓடுது." கோர் என்றால் டர்போவின் நடுக்கூடும் தண்டும் சக்கரங்களும். அவர் சொல்வது உண்மைதான். லாரி டர்போ பெரியது. அவ்வளவு வேகமாகச் சுற்றாது. அவர்கள் ஊரில் அதைப் பிரித்துக் கோர்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் கைகாரர்கள் உண்டு. டிரைவர் நாளுக்கொரு முறை ஆயில் பார்ப்பார். இந்த மூன்றில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தாது என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம், குடும்ப உறவு கெடும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஏசி அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, எஸ்டிமேட்டை நீட்டுவார்கள். "கம்பெனியில கோர் தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்." டர்போவின் விலைக்குக் கீழே கேஸ்கெட், போல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட், கன்ஸ்யூமபிள்ஸ் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டியில் போய் நிற்கும். 2025 செப்டம்பர் வரை அது 28 சதவீதமாக இருந்ததை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மோதாமல், முழுகாமல், தானாகத் தேய்ந்து போன சாமானுக்கு சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பணம் கிடையாது. கேட்டுப் பார்ப்பதால் மச்சானுக்கு ஒரு கதை கிடைக்கும், அவ்வளவுதான்.

சென்னைப் புதுப்பேட்டையையும் விட்டுவிடக் கூடாது. அங்கே கழட்டின டர்போ கிடைக்கும். எடுத்துக் கொடுப்பவர் அதை பனியன் துணியால் துடைத்தபடி, "ஆக்சிடென்ட் வண்டி சார், 20,000 கிலோமீட்டர்கூட ஓடல" என்பார். புதுப்பேட்டைக்கு வரும் டர்போக்கள் எல்லாமே 20,000 கிலோமீட்டர் ஓடாத வண்டிகளிலிருந்து வருவது தமிழ்நாட்டுச் சாலைகளின் தனிச்சிறப்பு. டர்போ நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதை ஓட்டிப் பார்த்து வாங்க முடியாது. மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் கழற்ற இன்னொரு லேபர். அடுத்த மாதம் விற்கப்போகிற வண்டிக்கு அதைப் போடுகிறார்கள் என்று கேள்வி. வாங்கப்போகிறவர் நீங்களாக இல்லாதவரை சரி.

குழுவில் ஒருவர் கட்டாயம் இதையும் கேட்பார்: "டர்போவையே கழட்டிட்டு ஓட்ட முடியாதா?" சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியே அதைச் செய்திருக்கிறது. 1962இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று டர்போ வைத்த கார் ஒன்றைக் கொண்டுவந்தது. டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. என்ஜின் தட்டாமல் இருக்க, வாலை வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்கில் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று ஆடம்பரமாகப் பெயரும் வைத்தார்கள். வாங்கியவர்கள் ஊற்றவில்லை. ஊற்றாவிட்டால் கார் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இதற்கா இவ்வளவு காசு என்று வந்து நின்றார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றி, சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்து அனுப்பியது. ஆயில் மாற்றச் சொன்னால் மாற்றாதவர்கள் நம் ஊரில் மட்டும் பிறக்கவில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் இன்றைய காமன்ரெயில் டீசலில் அந்த வைத்தியம் பலிக்காது. கம்ப்யூட்டர் காற்றழுத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும். வராவிட்டால் செக் என்ஜின் விளக்கைப் போட்டு வண்டியை ஆமை வேகத்துக்கு இறக்கிவிடும்.

டர்போதானா என்று பார்த்துத் தொலைக்காதீர்கள்

மூன்று டர்போ பேற்றுக்கு இது மிக முக்கியமான படி. டர்போவைக் கழற்றுமுன் வேறு எதையும் சோதிக்கக் கூடாது.

சோதித்தால் என்ன ஆகும் என்றால், பாதி வண்டிகளில் டர்போ நன்றாக இருப்பது தெரிந்துவிடும். இன்டர்கூலர் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கும். டர்போ அமுக்கி அனுப்பும் காற்று அந்தக் கீறலில் வெளியே போய்விடும். டீசல் உண்டு, காற்று இல்லை. கரும்புகை தள்ளும், இழுவை இருக்காது. ஹோஸைக் கையால் மடக்கிப் பார்த்தால் கீறல் வாயைத் திறக்கும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். இதே அறிகுறியை வேக்குவம் பைப் விட்டுப்போனாலும் பார்க்கலாம், சோலினாய்டு வால்வு ஒட்டிக்கொண்டாலும் பார்க்கலாம், காற்றழுத்த சென்சாரில் கரி படிந்தாலும் பார்க்கலாம், இஜிஆர் வால்வு மூடாமல் நின்றாலும் பார்க்கலாம். ஸ்கேனர் போட்டால் 'பூஸ்ட் குறைவு' என்று ஒரு எரர் வரும். அது அழுத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, யாரால் என்று சொல்லவில்லை. நாம்தான் டர்போ என்று படித்துக்கொள்கிறோம்.

புகையின் நிறத்தையும் பார்க்காதீர்கள். பார்த்தால் கரும்புகைக்குக் காற்றுப் பஞ்சம், நீலப்புகைக்கு ஆயில் என்று பிரிந்துவிடும். நீலம் என்றாலும் உடனே டர்போவைக் குற்றம் சொல்ல முடியாது. என்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிரீதர் பைப் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டிக் கசியும். டர்போவின் சீல் என்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரியான சின்ன வளையம்தான். இரு பக்க அழுத்தமும் ஒழுங்காக இருக்கும்வரைதான் அது ஆயிலைத் தடுக்கும். இப்படிப்பட்ட வண்டியில் புது டர்போ போட்டாலும் மறுநாளே புகை வரும். அப்போது, "டூப்ளிகேட் சாமான் போட்டுட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவது மரபு.

டர்போவையே பார்த்துவிடுவது என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: என்ஜின் ஆறியபின் காற்று பைப்பைக் கழற்றினால் அலுமினிய சக்கரம் தெரியும். நடுவிலிருக்கும் நட்டை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம் ஆடும், ஆயில் இல்லாத நேரத்தில் அது ஆட வேண்டியதுதான். இதைக் காட்டி, "பாருங்க சார், ப்ளே இருக்கு" என்று சொல்லி டர்போ விற்றவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது வேறு இரண்டு. சக்கரத்தை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்குத் தெரிகிற அசைவு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் அழுத்திச் சுற்றினால் இறகு சுவரில் உரசக் கூடாது. உரசிய டர்போவில் சுவரைச் சுற்றி வெள்ளியாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு இருந்தால் மேலே பேச வேண்டாம், டர்போ போய்விட்டது.

ஏன் போனது என்று கேட்காதீர்கள்

கழற்றிய டர்போவை மெக்கானிக் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கடைக்கு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பத் தயாராவார். தடுக்காதீர்கள். தடுத்து, பிரித்துக் காட்டச் சொன்னால், அந்தச் சாமான் தன் மரண வாக்குமூலத்தை உங்கள் முன்னால் கொடுத்துவிடும்.

தண்டு நீலம் பாரித்திருந்தால் ஆயில் வராமல் காய்ந்து போயிருக்கிறது. தண்டிலும் புஷ்ஷிலும் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் ஆயில் வந்திருக்கிறது, ஆனால் கரியும் தூசும் கலந்து வந்திருக்கிறது. காற்று இழுக்கும் சக்கரத்தின் இறகு நுனிகள் பொரிந்திருந்தால் எதையோ விழுங்கியிருக்கிறது: கிழிந்த ஏர் ஃபில்டர், போன சர்வீஸில் மாட்ட மறந்த கிளிப், சில சமயம் உள்ளே விட்டுவிட்ட துணி. நடுக்கூட்டில் ஆயில் கருகி அடையாக ஒட்டியிருந்தால், பைபாஸில் 110இல் வந்து, ஹைவே ஓட்டல் வாசலில் நிறுத்திய கணமே சாவியைத் திருப்பியிருக்கிறீர்கள். பிரியாணி சூடாக இருந்தது. டர்போ அதைவிடச் சூடாக இருந்தது. ஆயில் ஓட்டம் நின்றபின் அந்தச் சூட்டில் மிச்ச ஆயில் வெந்து கல்லாகும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டிருந்தால் போதும்.

டர்போ தானாகச் சாகாது, அதைக் கொல்கிறார்கள் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலான நேரம் கையாள், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு பைப். என்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் அந்தப் பைப் புகைக்கூண்டுக்கு வெகு அருகில் வளைந்து போகிறது. சரியாக ஆயில் மாற்றாத வண்டியில் அதன் உட்சுவரில் வருஷக்கணக்காகக் கரி படிந்து, துவாரம் ஊசி நுழையாத அளவுக்கு ஆகிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, ஏர் அடித்து, "கிளீன் பண்ணிட்டேன்" என்று மாட்டுவார்கள். உள்ளே வளைவில் இருக்கும் கரிக்கு அந்த ஏர் எட்டவே எட்டாது. பாதி பெயர்ந்து தொங்கும். புது டர்போ மாட்டி ஓட்டியதும் முழுதாகப் பெயர்ந்து வந்து புஷ்ஷில் உட்காரும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பிரான்ஸின் பெஜோ, சித்ரோயன் குழுமமும் ஃபோர்டும் சேர்ந்து செய்த 1.6 லிட்டர் டீசல் என்ஜின். 2000களில் வந்தது, வோல்வோ, மாஸ்டா, மினி என்று பல கார்களில் அதே என்ஜின் உட்கார்ந்தது. அதில் இன்ஜெக்டருக்கு அடியிலிருக்கும் வாஷர் கசிந்து, புகைக்கரி ஆயிலில் கலந்து, ஆயில் தார் பதத்துக்கு வந்து, டர்போவுக்குப் போகும் பைப்பின் போல்ட்டுக்குள் இருந்த சின்ன வலையை அடைத்தது. டர்போ போனது. புதிது போட்டார்கள், அதுவும் போனது. ரீகண்டிஷன் போட்டார்கள், அதுவும் போனது. கடைசியில், ஆயில் பைப் மாற்றியதற்கும் சம்ப்பைக் கழற்றிக் கழுவியதற்கும் சான்று காட்டாவிட்டால் வாரண்டி கிடையாது என்று டர்போ விற்கிறவர்கள் நிபந்தனை போடும் அளவுக்குப் போனது. புதுசா, ரீகண்டிஷனா என்று ஐரோப்பாவே விவாதித்துக்கொண்டிருந்தது. என்ஜினுக்கோ இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஆகவே, பைப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல் ரீகண்டிஷனா புதுசா என்று மட்டும் விவாதியுங்கள். மூன்றில் இரண்டு டர்போ இந்த இடத்தில்தான் உறுதியாகிறது.

இனி கணக்கு

பேறு வேண்டாதவர்கள் மட்டும் இனி படிக்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டது, பைப்பும் புதிதாக வருகிறது என்றால், கேள்விக்கு விடை சுலபம். சக்கரம் இரண்டும் முழுசாக இருக்கின்றன, வெளிக்கூடு உரசவில்லை, புகை பக்கக் கூட்டில் விரிசல் இல்லை, புஷ்ஷும் சீலும்தான் தேய்ந்திருக்கின்றன, டர்போவும் சாதா டர்போ என்றால், கோர் மாற்றுவதே புத்திசாலித்தனம். கோர் என்பது நடுக்கூடு, தண்டு, இரண்டு சக்கரம் எல்லாம் சேர்த்துக் கோர்த்து, பேலன்ஸ் செய்து வருவது; வெளிக்கூடுகள் உங்களுடையதே. ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 75 குதிரைத்திறன் டீசல் டர்போ இந்த ரகம். அதற்குப் போய் முழு அசெம்பிளி வாங்கச் சொல்கிறவரிடம், கூட்டில் எங்கே பழுது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கோருக்கும் கிட்டுக்கும் வித்தியாசம் உண்டு. கிட் என்றால் புஷ், சீல், திரஸ்ட் பேரிங் அடங்கிய சின்ன பாக்கெட். பழைய தண்டிலேயே அவற்றைப் போட்டுக் கோர்த்துத் தருவார்கள். விலை மிகக் குறைவு. பழைய தண்டு தேய்ந்திருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் அளந்து, கோர்த்தபின் மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தால் அதுவும் நல்ல வேலைதான். 2 லட்சம் சுற்று சுற்றுகிற சாமானில் கால் கிராம்கூடப் பெரிய எடை. பேலன்சிங் மெஷின் இல்லாத கடையில், "கைப்பக்குவம் சார், இருபது வருஷமா பண்றேன்" என்று சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கைப்பக்குவம் ரசத்தில் எடுபடும். பேலன்ஸ் ரிப்போர்ட் தாளில் வரும் கடையாகப் பாருங்கள்.

விஜிடி என்றால் கதை வேறு. எர்டிகா, சியாஸில் 90 குதிரைத்திறனோடு வந்த அதே 1248 சிசி என்ஜினில் இருப்பது அதுதான். புகை பக்கத்தில் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இறக்கைகள் திறந்து மூடும். பல நேரம் கரி படிந்து அவை ஒட்டிக்கொள்வதுதான் வியாதியே. கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். ஆனால் கோர் மாற்றிக் கோர்க்கும்போது, இறக்கைகள் எவ்வளவு மூடலாம் என்று நிர்ணயிக்கும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கம்பெனியில் காற்றோட்டத்தை மெஷினில் அளந்து வைத்த ஸ்க்ரூ அது. அதைத் திருகிப் பார்க்காத ஆர்வக்காரர் குறைவு. ஒரு சுற்று தப்பினால் வண்டி ஒன்று தூங்கி வழியும் அல்லது அளவுக்கு மீறி அழுத்தி எரர் கொடுக்கும். காற்றோட்டம் அளக்கும் மெஷின் உள்ள இடத்தில் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் விஜிடிக்குக் கம்பெனி டர்போ வாங்குவதே மலிவு.

இறகு ஒடிந்திருந்தால் விவாதமே வேண்டாம், புதுசு. அதோடு இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒடிந்த துண்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். கழுவாமல் புது டர்போ மாட்டினால், உள்ளே தேங்கிய பழைய ஆயிலும் மொத்தமாக என்ஜினுக்குப் போகும். தெரு மறைந்த அந்தக் காட்சி புது டர்போவோடும் நடக்கும்.

பணக் கணக்கு எனக்குத் தெரிந்த அளவில் இப்படி: புது டர்போ 100 ரூபாய் என்றால், கோரும் பேலன்சிங்கும் 60ஐத் தாண்டும்போது புதிதுக்குப் போய்விடுங்கள். கழற்றி மாட்டும் லேபர் இரண்டுக்கும் ஒன்றுதான். சொதப்பினால் இரண்டாவது முறை அது உங்கள் தலையில் விழும். அப்புறம் ஆர்சி புத்தகத்தை எடுத்துத் தேதி பாருங்கள். 15 வருஷம் முடியப்போகிறது, எஃப்சி காட்டி 5 வருஷம் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கும் வண்டிக்குக் கம்பெனி அசெம்பிளி போடுவது பாசம், கணக்கு ஆகாது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த என்ஜின் ஓடும் வண்டிகள் ஏராளம் என்பதால் சாமான் கிடைக்கிறது, அதே காரணத்தால் டூப்ளிகேட்டும் கிடைக்கிறது. பெட்டியைப் பார்த்து நம்பாதீர்கள், பெட்டி அச்சடிப்பது டர்போ செய்வதைவிடச் சுலபம். பில்லோடு விற்கும் டீலரிடம் வாங்குங்கள். ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்தால் வாரண்டியும் மிச்சமாகிவிடும்.

மாட்டும்போது

பக்கத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போனால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, ஆயில் வரும் வாயில் கேஸ்கெட்டோடு பேஸ்ட்டும் தடவிவிடுவார்கள். கசியக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பிதுங்கிய பேஸ்ட் உள்ளே காய்ந்து, உடைந்து, ஆயில் துவாரத்தை அடைக்கும். அங்கே பேஸ்ட்டே வேண்டாம். இரண்டு, மாட்டி முடித்த வேகத்தில் ஒரே கிராங்க்கில் ஸ்டார்ட் செய்து, "சத்தம் கேளுங்க சார்" என்று ஆக்சிலரேட்டரை ஏற்றிக் காட்டுவார்கள். உள்ளே ஒரு சொட்டு ஆயில் வந்திருக்காது. டர்போவின் ஆயில் வாயில் முதலில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு டீசல் போகாமல் தடுத்துவிட்டு சில விநாடி கிராங்க் மட்டும் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் சில நிமிஷம் ஐடிலில் விட வேண்டும். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் அன்றைக்கே புதுசு; பழைய ஆயிலையே வடிகட்டி ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஆலோசனைக் குழுவிலிருந்து வந்தவர்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய டர்போவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள், அதில் தவறில்லை. பழைய ஆயில் பைப்பை மட்டும் கையோடு கேட்டு வாங்கி, வளைத்து ஒடித்து, இரும்புக்கடையில் நீங்களே போடுங்கள். ஒர்க்‌ஷாப் அலமாரியில் விட்டுவந்தால், "நல்ல கண்டிஷன்ல ஒண்ணு இருக்கு சார்" என்று அடுத்த வண்டியில் ஏறிவிடும்.